கழுத்தில்லாத கிட்டார்

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று முதல் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். அன்று எதையும் எழுதி வைக்காததால்தான் என் பேச்சு எடுபடவில்லை. பாலக்கரைக் கோவில் வாசலில் அத்தனை பேர் நடுவில் நின்று சொன்னேன். “ஆதாரம் இருக்கா?” என்று கேட்டார்கள். இந்த முறை இருக்கும்.

காலைப் பூசை முடிந்து பொன்மலைச் சந்தைக்குப் போனேன், மிக்சி ஜாருக்கு மூடி தேடி. பழைய ஃபேனும் குழாயும் சைக்கிள் செயினும் கிடக்கிற வரிசையில், ஒரு தையல் மெஷினுக்கு அடியில் அது கிடந்தது. எலக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு மட்டும். கழுத்து இல்லை, கம்பி இல்லை, பிக்கப் இருந்த இடத்தில் வெறும் பள்ளம். கறுப்பு எனாமலைத் தார் மாதிரி அப்பியிருந்தார்கள். கண்ணில் பட்டும் தாண்டித்தான் போனேன். செருப்பு நுனி அதில் இடித்தது. அந்தச் சத்தம்தான் என்னை நிறுத்தியது.

எலக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு முழுக் கட்டை. தட்டினால் கதவைத் தட்டுவது போல் கேட்கும். இது குடத்தைத் தட்டியது போல் கேட்டது. அப்படி ஒரு கிட்டார் இந்தத் திருச்சியில் ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது.

கடைக்காரர் பாட்சா பாய், “செவுத்துல மாட்டவா பாட்டி?” என்றார்.

“வாசிக்க.”

சிரித்தார். சிரிக்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தேன். என் வீட்டுக்காரர் இஞ்ஞாசிமுத்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எதைக் கண்டாலும் எங்கே, எதற்கு, யாரிடம் என்று கேட்டுவிடுவார். ஒரு கட்டு கீரை வாங்கினால்கூட விசாரணை உண்டு. இன்று ஒன்றும் கேட்கவில்லை. பேப்பரின் ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்தார்.

ஜார் மூடி வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

மாலை அந்தோணியார் நவநாள் செபம். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். நாற்பது வருடமாகச் செவ்வாய் தவறாமல் அவர் முன்னால் ஒரே விண்ணப்பம்தான் வைக்கிறேன். கொடுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நன்றி சொல்லவில்லை. முதலில் உறுதியாகட்டும்.

இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நான் மதலேன். கிட்டார் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரேடியோவைக் கேட்டு, விரலை வைத்து வைத்துப் பார்த்து நானாகக் கற்றேன். தைரியநாதனின் பொன்னொளி இன்னிசைக் குழுவில் லீடு கிட்டார் நான்தான். புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி மேடையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. நோட்டு படிக்கத் தெரியாது என்று குழுவிலிருந்த ஆண்கள் கிண்டல் செய்வார்கள். நோட்டு படித்தவர்கள் தவறவிட்ட இடத்தையெல்லாம் தூக்கிவிட்டவள் நான்.

1984 மே மாதம் காரைக்காலில் ஒரு கல்யாணக் கச்சேரி. மறுநாள் காலையில்தான், பிள்ளைக்கு லேசான காய்ச்சல் என்று சேதி சொன்னார்கள். வந்து பார்த்தால் எட்டு மாதக் குழந்தை ஃபெலிக்ஸைப் பெரியாஸ்பத்திரியில் ஐஸ் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். மூளைக் காய்ச்சல். என் வீட்டுக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. களைப்பு.

பிள்ளை பிழைத்தான். நான் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த அந்த நாட்களில், தைரியநாதன் வீட்டுக் கொல்லையில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் கொட்டகையிலிருந்து என் கிட்டார் காணாமல் போனது. பூட்டு உடையவில்லை. சாவி இருக்கும் இடம் குழுவுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த கச்சேரிக்கு என் இடத்தில் ஒரு பையன் புதுக் கிட்டாரோடு நின்றான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? கோவில் வாசலில் வைத்துத் தைரியநாதனைத் திருடன் என்றேன். அந்த ஆள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார். குற்றமில்லாதவன் அப்படிப் போவானா?

நவநாள் முடிந்ததும் அறிவிப்பு வாசித்தார்கள். எங்கள் கோவில் பங்கின் மூத்த இசைக் கலைஞர் தைரியநாதன் அவர்களுக்கு நவம்பர் 24, பாடகர் குழு விழாவில் பொன்னாடை.

நல்லது. அன்றைக்கு நானும் ஒன்று கொண்டு வருகிறேன்.

அக்டோபர் 31

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. என் வீட்டுக்காரர் தொடவில்லை. சர்க்கரை இல்லாத மனிதர், அதிரசத்தை விட்டதே இல்லை.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். மாமியார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவர்த்தி வைத்தோம். இரண்டு வரிசை தள்ளித் தைரியநாதன், தன் மனைவி கல்லறையில். மகள் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். எண்பது வயது. கை நடுங்குகிறது. இனி அந்தக் கையால் அக்கார்டியன் வாசிக்க முடியாது.

என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் திரும்பிக்கொண்டேன். திரும்பியபோது பார்த்தேன், நம் வீட்டு மனிதர் அவருக்குக் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

“எதுக்குக் கும்பிடுறீங்க?”

“வயசானவரு.”

“திருடனுக்கு வயசானா கும்பிடணுமா?”

மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது என்று குனிந்துகொண்டார். அணையவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

சந்தைக்கு மறுபடி போனேன். எங்கே எடுத்தீர் என்று பாட்சா பாயைக் கேட்டேன்.

“மணப்பாறை ரோட்டுல கரும்பாறைப்பட்டின்னு ஒரு ஊரு பாட்டி. பழைய சர்ச்சை இடிச்சுக் கட்டுறாங்க. மேல்மாடியில பாட்டுக்காரங்க சாமான் கிடந்துச்சு. ஓட்டை ஸ்பீக்கரு, மைக் ஸ்டாண்டு, எல்லாத்தையும் மொத்தமா அள்ளிட்டு வந்தேன். ஏன், திருட்டு மாலா?”

“ஆமா.”

“ஐயையோ, நான் ஃபாதர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்!”

“உங்களைச் சொல்லல பாய்.”

ஆக, தைரியநாதன் வெளியூரில் ஒரு கோவிலுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். புத்திசாலித்தனம். உள்ளூரில் யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் அல்லவா?

வீட்டுக்கு வந்து, கரும்பாறைப்பட்டி எங்கே இருக்கிறது என்று அவரைக் கேட்டேன். அந்த மணப்பாறை ரூட்டிலேயே ஆறு வருடம் பஸ்ஸில் ஓடியவர். ஒவ்வொரு நிறுத்தமும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

“தெரியாது” என்றார்.

வயது ஆக ஆக மறதி கூடுகிறது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நவம்பர் 6

காஸ் வந்தது. சிலிண்டரை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். பிளேடும் பெயிண்ட் கரைக்கிற மருந்தும் வைத்து முன்பக்கம் சுரண்டினேன். கறுப்புக்கு அடியில் பச்சை. பஸ்ஸுக்கு அடிக்கிற பச்சை.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். டிப்போ பெயிண்டரிடம் சொல்லி ஒரு டப்பா வாங்கிவந்தவர் அவர்தான். புது ஜோடியாக இருந்த நாட்கள். தூசி படியாமலிருக்க வீட்டுக்குள்ளேயே கொசுவலை கட்டி, அதற்குள் உட்கார்ந்து இரண்டு பேருமாக அடித்தோம். அவர் மூக்கில் வெகுநாள் பச்சை இருந்தது. டிக்கெட் கொடுக்கும்போது பிரயாணிகள் சிரித்தார்கள் என்று வந்து சொல்வார். அப்போதெல்லாம் எனக்காக அப்படிச் செய்வார்.

“இங்க பாருங்க, நம்ம பச்சை” என்று காட்டினேன்.

“பச்சை எங்கதான் இல்ல” என்றார்.

நவம்பர் 7

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 9, சனி

இன்று நடந்தது முக்கியம்.

அந்தக் கிட்டாரைச் செய்தவர் தஞ்சாவூரில் வீணை செய்கிற ஆசாரி. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கிட்டாருக்கு நாங்கள் எங்கே போவது? படத்தைக் காட்டி, நல்ல பலாக் கட்டையில் இப்படி வெட்டிக்கொடுங்கள், உள்ளே குடையக் கூடாது, முழுக் கட்டையாக இருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன். போய்ப் பார்த்தால் பின்பக்கமாகக் குடைந்து, பலகையால் மூடி வைத்திருந்தார். “குடையாம விட்டா அது விறகும்மா. மனசு வரல” என்றார். வாழ்நாளெல்லாம் வீணை குடைந்த கை, சும்மா இருக்காது. அதனால்தான் சத்தத்தைக் கூட்டினால் அது மேடையில் ஊளையிடும். அதை ஓரளவாவது அடக்க நானே பின்பலகையில் ஸ்க்ரூ போட்டு, கழற்றி, உள்ளே பழைய துணியை அடைத்தேன். வேறு எவரும் எலக்ட்ரிக் கிட்டாருக்குள் துணி அடைத்திருக்க மாட்டார்கள்.

இன்று பெயிண்டில் புதைந்திருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். கடைசி ஒன்று வரவில்லை. தலை தேய்ந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டேன். வந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தார். கை வழுக்கிக்கொண்டே இருந்தது.

“விட்டுரலாம் மதலேனு. மரம் ஒடைஞ்சுரும்.”

“ஒடையாது. அழுத்துங்க.”

பலகை வந்தது. உள்ளே துணி. பழுத்துப்போன வேட்டித் துணி. விரித்தேன். ஓரத்தில் சலவைக்காரர் போட்ட சேராங்கொட்டை மைக் குறி. மூன்று புள்ளி, ஒரு கோடு. துணி மக்கினாலும் அந்த மை போகாது. எங்கள் வீட்டு உருப்படிகளுக்கு அந்தக் குறிதான். அவருடைய காக்கிச் சட்டைக் காலரில் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

“இது உங்க வேட்டிதானே?”

வெகுநேரம் பார்த்தார். “ஆமா” என்றார்.

முதல் முறையாக எனக்கு ஒரு சாட்சி. அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டார்.

ஓசூரிலிருந்து ஃபெலிக்ஸ் பேசினான்.

“கிடைச்சிருச்சுல்ல, சந்தோசமா வச்சுக்கம்மா. அந்த மனுசனைப் போய் விழாவுல ஏன் அசிங்கப்படுத்தணும்?”

“அசிங்கப்பட்டவ நான்.”

“அப்பாகிட்ட குடு.”

கொடுத்தேன். அவர் ஃபோனைக் காதில் வைத்து, ம், ம் என்று மட்டும் சொன்னார். மகன் பேசப் பேசக் கண்ணை மூடிக்கொண்டார்.

நவம்பர் 10, ஞாயிறு

பின்பக்கம் சுரண்டினேன். பச்சைக்கு மேல், கறுப்புக்கு அடியில், வெள்ளைப் பெயிண்டில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சிலுவை. அதன் பக்கத்தில் 17 என்று எண். நான் போட்டதில்லை.

அவரிடம் காட்டினேன். “இது என்னவா இருக்கும்?”

“கோவில் சாமான்னா சிலுவை போடுவாங்க.”

“எண் எதுக்கு?”

“எனக்கென்ன தெரியும்?” குரல் உயர்ந்துவிட்டது. என்னிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

நவம்பர் 13

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. மழையில் போய் வாங்கிவந்தேன். அவரை அனுப்பவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை.

நவம்பர் 18, திங்கள்

நாளை கரும்பாறைப்பட்டிக்குப் போகிறேன் என்று சொன்னேன். அந்தக் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தது தைரியநாதன்தான் என்று அந்த ஊரில் ஒரு ஆள் சொன்னால் போதும். விழாவில் பேரைச் சொல்லி நிற்கலாம்.

“மழை பெய்யுது. மெயின் ரோட்டுல எறங்கி உள்ள நடக்கணும், சேறா இருக்கும். கோவிலும் இடிச்சாச்சு, யாரு இருப்பா?”

தெரியாது என்று சொன்ன ஊருக்கு, மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கண்டக்டர். எல்லா ஊரும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்திருப்பார்.

நவம்பர் 19, செவ்வாய்

போய் வந்தேன்.

அது அந்தோணியார் கோவில். எனக்குத் தெரியாது. பாட்சா பாய் சொல்லவில்லை. கோவிலை இடித்துவிட்டதால் அந்தோணியார் சுரூபத்தை ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். செவ்வாய் என்பதால் கொஞ்சம் கூட்டம். கோவில் காரியம் பார்க்கிற உபதேசியார் சந்தியாகு என்னைவிட மூத்தவர். கண் நன்றாகத் தெரிகிறது. பையிலிருந்து கிட்டாரை எடுத்துக் காட்டியதும் பளிச்சென்று சொன்னார்.

“அட, நம்ம பதினேழு! இந்தச் சிலுவை நான் போட்டதும்மா.”

நேர்ச்சைப் பொருள் மாறிப்போகாமலிருக்க, ஏலத்துக்கு முன்னால் அவர் கையால் சிலுவையும் எண்ணும் போடுவாராம்.

“ஆடு வரும், கோழி வரும், வாழைத்தார் வரும், வெள்ளிக் கண்ணு வரும். கிட்டாரு ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு. மறக்குமா? திருவிழா ஏலத்துல யாரும் கேக்கல, எங்க பாடகர் குழுவே எடுத்துருச்சு. ஒரு பையன் கறுப்பு பெயிண்ட் அடிச்சுக் கொஞ்ச நாள் வாசிச்சான். மைக்கைப் போட்டா நரி மாதிரி ஊளையிடும். பயந்து மேல தூக்கிப் போட்டுட்டாங்க.”

“யாரு குடுத்தது?”

“நேர்ச்சைக்குப் பேரு கேக்கமாட்டோம்.”

“அக்கார்டியன் வாசிக்கிற ஆளா? ஒசரமா, சுருட்டை முடி?”

“சேச்சே. காக்கிச் சட்டைக்காரரு. கண்டக்டரு. பிரயாணிகளோட பஸ்ஸை மெயின் ரோட்டுல நிறுத்திட்டு, இதைத் தூக்கிக்கிட்டு சேத்துல ஓடி வந்தாரு. தோள்ல டிக்கெட் பை ஆடுது. டிரைவர் அங்க ஆரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு. கைப்பிள்ளைக்கு மூளைக் காய்ச்சலாம். ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்கத் தனியா இருந்தாராம், வீட்டுல இருக்கறதுலயே ஒசந்த பொருளைத் தர்றேன்னு அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டாராம். பிள்ளை பொழைச்சிருச்சுன்னு சொல்லி அழுதாரும்மா. ‘இது ஒங்களுதா?’ன்னு கேட்டேன். பதில் சொல்லல. ஆரன் சத்தம் கேட்டு ஓடிட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

இல்லை என்றேன்.

கொட்டகைக்குள் போய் அந்தோணியார் முன்னால் நின்றேன். நாற்பது வருடமாக இவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்ட நேரமெல்லாம் இவர் தலைக்கு மேல் மாடியிலேயே இருந்திருக்கிறது. மெழுகுவர்த்தி கொண்டுபோயிருந்தேன். ஏற்றவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

அந்த ரூட்டில் எத்தனையோ கண்டக்டர்கள் ஓடினார்கள். அந்த வருடம் எத்தனையோ பிள்ளைகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. வயதானவர்கள் ஒன்றோடு ஒன்றைக் கலந்து பேசுவார்கள். சந்தியாகு பேச்சை ஆதாரமாக எடுக்க முடியாது.

போன காரியம் என்னவாயிற்று என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

கிட்டார் உடம்பைச் சாப்பாட்டு மேசை மேல் நிறுத்தி வைத்தேன். சிலுவை அவர் பக்கம் பார்க்கும்படி. ரசம் ஊற்றினேன். பிசைந்துகொண்டே இருந்தார்.

“எடுத்து வையேன். சோறு எறங்கல.”

“அது பாட்டுக்கு நிக்குது. உங்களை என்ன பண்ணுது?”

தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தார். மழைச் சாரலில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நவம்பர் 22

சமைக்கவில்லை.

நவம்பர் 23, சனி

நாளை விழா. புடவைக்கு இஸ்திரி போட்டேன். கிட்டாரைத் துடைத்துத் துணிப்பையில் வைத்தேன். அந்த வேட்டித் துணியையும்.

அவர் வந்து கதவோரம் நின்றார்.

“போறியா?”

“போறேன்.”

“என்ன சொல்லப் போற?”

“நெசத்தை.”

“அவரு நல்ல மனுசன் மதலேனு.”

“அதை நாப்பது வருசத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாம். கோவில் வாசல்ல நான் கத்துனப்ப நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு.”

அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. கோபம்தான் வந்தது. அத்தனை வருடக் கோபம்.

“ஃபோன் போட்டேன். நீ வரல.”

“என்ன ஃபோன்?”

“போட்டேன். நீ வரல. பிள்ளைக்கு வலிப்பு வந்து கண்ணு மேல சொருகிக்கிச்சு. நீ அங்க கிட்டார் வாசிச்சுக்கிட்டு இருந்த.”

“என்ன ஃபோன்னு கேக்குறேன்?”

குழாயில் தண்ணீர் வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குடம் நிரம்பி வழிந்த பிறகும் உள்ளே வரவில்லை.

எனக்கு ஒரு ஃபோனும் வரவில்லை. இதைத் தேதி போட்டு எழுதுகிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பையைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த பெண்கள் குசுகுசுத்தார்கள். மூத்தவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவர் உட்காரவில்லை. பின்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில், சுவரைப் பிடித்தபடி நின்றார்.

தைரியநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்காலியில் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். வாழ்த்துச் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று ஃபாதர் சொன்னார். எழுந்தேன். மண்டபத்தில் பேச்சு நின்றது. தைரியநாதனின் மகள் குறுக்கே வந்தாள்.

“அத்தே, இன்னைக்கு வேணாம் அத்தே. கால்ல விழுறேன்.”

“நகரு.”

மேடை ஏறி, பொன்னாடையும் பழத்தட்டும் இருந்த மேசையில் கிட்டாரை எடுத்து வைத்தேன். பின்பக்கம் கீழே இருக்கும்படி. மைக்கை வாங்கினேன். மைக் பிடித்து வெகுகாலம் ஆகிறது. கனமாக இருந்தது.

அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் டிரம் நன்றாகத் தெரிந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சொல் என்பது போல் நின்றார்.

“என் கிட்டாரு கிடைச்சிருச்சு” என்றேன். “சந்தையில. இதை இவர் எடுக்கல.”

அவ்வளவுதான் பேசினேன். அப்படியானால் யார் எடுத்தது என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். மைக்கை ஃபாதர் கையில் கொடுத்துவிட்டேன். இறங்கத் திரும்பினபோது தைரியநாதன் என் முந்தானையைப் பிடித்தார். குனிந்தேன்.

“கிட்டாருக்காகவா என்னைத் திருடன்னு சொன்ன?” என்றார்.

“வேற எதுக்கு?”

“நான் அந்த ஃபோனுக்குன்னு நெனச்சேன் மதலேனு.”

கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் காதில் சொன்னார்.

“காரைக்கால்ல மண்டபத்து ஃபோனுக்கு இஞ்ஞாசி பேசினாரு. பிள்ளைக்கு ரொம்ப முடியல, உடனே அனுப்புங்கன்னாரு. நீ மேடையில இருந்த. பாதிக் கச்சேரி பாக்கி. சொல்றேன்னு வச்சுட்டேன். முடியட்டும்னு பாத்தேன். முடிஞ்சதும் அவங்க இன்னும் வாசிக்கச் சொன்னாங்க. விடிஞ்சப்புறம்தான் சொன்னேன், அதுவும் லேசாக் காய்ச்சல்னு. நீ அதைக் கண்டுபிடிச்சுட்ட, நேரா கேக்கப் பிடிக்காம கிட்டாரைச் சாக்கு வச்சுத் திட்டுறன்னு நெனச்சேன். திட்டட்டும், எனக்கு வேணும்னு இருந்துட்டேன்.”

அவர் முந்தானையை விடவில்லை.

“பழையபடி அண்ணேன்னு ஒரு தடவை கூப்பிடேன்.”

“மாட்டேன்” என்றேன். முந்தானையை விடுவித்துக்கொண்டு இறங்கினேன்.

வரும் வழியில் பையை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். கொடுத்தேன். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 25, திங்கள்

மழை விட்டுவிட்டது. வெயில்.

அவர் தண்ணீர் கொண்டுவந்தார். சமையல்கட்டு வாசலில் குடத்தோடு நின்றபோது சொன்னேன்.

“அன்னைக்கு ஃபோனை எடுத்தது தைரியநாதன். எங்கிட்ட விடிஞ்சுதான் சொன்னாரு. லேசான காய்ச்சல்னு சொன்னாரு.”

குடத்தை மேடையில் வைப்பதாக நினைத்து வெறும் இடத்தில் வைத்தார். சமையல்கட்டு முழுதும் தண்ணீர். இரண்டு பேர் காலும் நனைந்தது. அவர் கவனிக்கவில்லை.

“உனக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“சத்தியமா?”

“நான் எதுக்கு உங்ககிட்ட சத்தியம் பண்ணணும்?”

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தார். “நான் நெனச்சேன்... தெரிஞ்சுதான் வரலன்னு... இத்தனை வருசமும்...” என்றார். “மதலேனு, அந்தக் கிட்டாரை...”

“பேசாதீங்க. கரும்பாறைப்பட்டிக்கு நானும் போயிட்டு வந்தாச்சு. பதினேழாம் நம்பர். கொட்டகைச் சாவி இருக்குற இடத்தை உங்களுக்குச் சொன்னதும் நான்தான். பஸ்ஸை நிறுத்திட்டு ஓடுனது வரைக்கும் தெரியும்.”

நான் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றித் தள்ளினேன்.

மன்னிப்பு கேட்க வந்தார். இரண்டு முறை வந்தார். கேட்கவிடவில்லை. என் பொருளை எடுத்து இவர் நேர்ந்துகொண்டது தப்பு. பிள்ளை பிழைத்தால் மட்டும் அது சரியாகிவிடாது. அந்த ராத்திரி அவர் தனியாக இருந்ததும் தெரியும். இரண்டும் தெரியும். ஒன்றைச் சொல்லி ஒன்றைக் கழிக்க நான் தயாராக இல்லை.

மத்தியானம் உப்புத்தாளும் பிளேடும் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். கிட்டாரையும் வைத்தேன்.

“வெயில் இருக்கும்போதே மீதிக் கறுப்பைச் சுரண்டுங்க. பச்சையில கை படக் கூடாது. அப்புறம் கழுத்துக்கு ஆள் பாக்கணும். தஞ்சாவூர் போகணும், நீங்களும் வரணும்.”

வாசலில் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழந்தைக்கு நகம் வெட்டுவது போல் மெதுவாகச் சுரண்டுகிறார். இதை எழுதும்போது அந்தச் சத்தம் கேட்கிறது.

பின்பக்கம் திருப்பியவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். சிலுவையையும் எண்ணையும் சுரண்டட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அது என் ஆதாரம்.